தூண்டிலில் வந்த காசு

காசு மீனின் வாயில் இருந்தது என்று ஃபயாத் யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால், அவன் வலது கை இன்றைக்கும் நேராக இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் திபேரியா ஏரியின் தாப்கா கரையில் வெந்நீர் ஊற்று ஏரியோடு கலக்கும் இடத்துக்கு முஷ்ட் மீன்கள் கூட்டமாக வந்து ஒண்டிக்கொள்ளும். ஃபயாத் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலையை விசிறி இழுத்தான். மூன்றாவது மீனை வலைக்கண்ணிலிருந்து பிடுங்கும்போது அதன் வாய் மூடாமல் இருந்தது. முஷ்ட் குஞ்சுகளை வாயிலேயே வைத்து வளர்க்கிற சாதி. குஞ்சுகள் போன பிறகும் வாயைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காமல் கூழாங்கல் எதையாவது கவ்விக்கொண்டு திரியும். இந்த மீன் கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசைக் கவ்வியிருந்தது. ஒரு பக்கம் தடித்த கழுத்தோடு ஒருவனின் தலை, மறுபக்கம் கழுகு.

கூட இருந்த மச்சான் ஸுப்ஹி அதைத் தொடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, நஸ்ஸார் எஃபெண்டியிடம் கொண்டுபோனால் ஒரு மாத மாவுக்கு ஆகும் என்றான். நஸ்ஸார் எஃபெண்டி திபேரியாவில் மெழுகுவத்தியும் கம்பளமும் பழைய காசும் விற்பவர். எங்கே கிடைத்தது என்று கேட்டார். மீனின் வாயில் என்று ஃபயாத் சொன்னான். எஃபெண்டி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். பட்டப்பகலில் கடைக்கதவைச் சாத்தினார். அவனுக்குக் காப்பி கொடுத்தார். அவருடைய கடையில் அதுவரை எந்த மீனவனும் காப்பி குடித்ததில்லை. ஃபயாத் அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

எஃபெண்டிக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. வேதாகம வெள்ளிக்காசுச் சங்கத்தின் செயலாளர். ஏரிக்கரை ஓட்டலின் மாடியில் அந்தச் சங்கம் இருந்தது. தலைவர் மேஜர் பெல்விக், ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். சிவப்பு வெல்வெட் விரித்த தட்டுகளில் குழி குழியாக வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு வைத்திருந்தார்கள். பழைய வெள்ளியை எவன் வேண்டுமானாலும் சேர்க்கலாம். சங்கம் அப்படிச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு காசுக்கும் வேதத்தில் ஒரு வசனம் இருக்க வேண்டும். வசனத்தில் அந்தக் காசுக்கு என்ன நடந்ததோ அது கையில் இருக்கும் காசுக்கும் நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் சங்கம் நடத்திவைக்கும்.

காட்டிக்கொடுத்த கூலியான முப்பது வெள்ளி கோவில் தரையில் வீசி எறியப்பட்டது என்று வசனம் சொல்கிறது. ஆகவே சங்கத்துக்கு வந்த காசுகளை எல்லாம் கருங்கல் தரையில் ஓங்கி அடித்தார்கள். நசுங்காதவை போலி என்று கழிக்கப்பட்டன. காணாமல் போன ஒரு காசை வீட்டைப் பெருக்கிக் கண்டெடுத்து அக்கம்பக்கத்தாரோடு மகிழ்ந்த பெண்ணின் கதையும் வேதத்தில் இருக்கிறது. அதற்காக மஜ்தல் கிராமத்து விதவை ஒருத்தியின் முக்காட்டில் கோத்திருந்த காசுகளில் பழையதாக ஒன்றை அறுத்து, அவள் வீட்டுக்குள்ளேயே வீசிவிட்டு, விளக்கையும் துடைப்பத்தையும் கையில் கொடுத்தார்கள். அவள் பெருக்கிக் கண்டெடுத்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் யாரும் மகிழவில்லை. ரஃபூல் சாவுஷ் பிரம்போடு உள்ளே போனார். மதியத்துக்குள் எல்லோரும் மகிழ்ந்துவிட்டார்கள். மகிழ்ந்ததில் இரண்டு பேருக்குப் பல் போயிற்று.

ரஃபூல் துருக்கியர் காலத்தில் சாவுஷாக, அதாவது போலீஸ் சார்ஜென்டாக இருந்தவர். இப்போது சங்கத்தின் சான்றாய்வாளர்.

தட்டில் ஒரே ஒரு குழி மட்டும் வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. மீனவச் சீடன் ஒருவன் கோவில் வரி கட்டுவதற்காக மீனின் வாயிலிருந்து எடுத்த காசுக்கான குழி அது.

மறுநாள் ஃபயாத்தை ஓட்டல் மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேஜர் அரபியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். அவர் வாயைத் திறந்தால் பள்ளிவாசல் மேடையிலிருந்து பிரசங்கம் இறங்குவது போல இருக்கும்.

"நண்பரே, அஞ்ச வேண்டா. இச்சங்கம் உண்மையை மட்டுமே நாடுகின்றது. தங்களிடம் உண்மை இருப்பின் பெற்றுக்கொள்வோம். இல்லையெனில் யாமே தங்கட்கு அளிப்போம். அம்மீன் வலையில் அகப்பட்டதோ, தூண்டிலில் அகப்பட்டதோ?"

"வலையிலதான் கவாஜா. முஷ்ட் தூண்டிலுக்கு வராது."

 எஃபெண்டி அவன் பக்கம் குனிந்து விளக்கினார். வசனத்தில் தூண்டில் என்றுதான் இருக்கிறது. தூண்டிலைப் போட்டு முதலில் வருகிற மீனைப் பிடி என்று இருக்கிறது. ஃபயாத் யோசித்தான். அந்த வசனத்தில் எந்த மீன் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டான். போடவில்லை. அப்படியானால் அது கெளுத்தியாகத்தான் இருக்கும், தூண்டிலைக் கவ்வுவது கெளுத்திதான் என்றான். உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

சங்கத்துக்கு மாடியை வாடகை இல்லாமல் தந்திருந்த ஓட்டல்காரர் முகம் வெளுத்தார். அவர் முஷ்ட்டைத்தான் சீடன் மீன் என்று பெயர் வைத்து யாத்ரிகர்களுக்கு எலுமிச்சையோடு பொரித்து விற்கிறார். கெளுத்தியை யாத்ரிகர்கள் தொடமாட்டார்கள்.

மேஜர் ரஃபூலைப் பார்த்துத் தலையசைத்தார். ரஃபூல் எழுந்து வந்து ஃபயாத்தின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். ஃபயாத் நாற்காலியோடு விழுந்தான். எஃபெண்டி கூட்டக் குறிப்பில் 'சாட்சி சற்று யோசித்தார்' என்று எழுதினார். அன்று ஃபயாத் ஆறேழு முறை யோசித்தான்.

தூண்டில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவனால் முடியாததற்குக் காரணம் இருந்தது. தாப்காவில் வெந்நீர் விழுகிற இடம் பத்து ஆள் நிற்கிற அளவுதான். அங்கே யார் எப்போது வலை வீசுவது என்பதை மீனவர்கள் காப்பிக்கடையில் கூடித் தீர்மானிப்பார்கள். யார் எவ்வளவு பிடித்தான், எங்கே பிடித்தான், எப்படிப் பிடித்தான் என்று ஒவ்வொருவனும் வாயால் சொல்வான். அதை வைத்து மறுநாள் முறை கிடைக்கும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. சொன்னது பொய் என்று ஆனால் அவனுக்கு அந்த இடத்தில் முறை கிடையாது, செத்தாலும் கிடையாது. ஃபயாத்துக்கு நிலம் இல்லை. படகும் பாதி ஸுப்ஹியுடையது. அவனிடம் முழுதாக இருந்த சொத்து அந்த முறை ஒன்றுதான். முஷ்ட்டைத் தூண்டிலில் பிடித்தேன் என்று சொல்வதும் அதை அறுத்துப் போடுவதும் ஒன்றுதான்.

வீட்டில் அவன் மனைவி நஜ்மே வீங்கிய கன்னத்தில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டே, காசுதான் அவர்கள் கையில் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டுமாம் என்று கேட்டாள்.

"அவங்க வசனத்துல தூண்டில்னு இருக்காம்."

"வசனத்தை அடிக்க வேண்டியதுதானே. உன்னை ஏன் அடிக்கிறாங்க?"

ஃபயாத் துணியை வாங்கி மறுபடியும் தண்ணீரில் நனைத்தான்.

அடுத்ததாகச் சங்கம் கள ஆய்வு நடத்தியது. ஃபயாத்தைக் கரையில் கறுப்புப் பாறை மேல் உட்காரவைத்துக் கையில் தூண்டிலைக் கொடுத்தார்கள். பின்னால் குடை விரித்து மேஜர் உட்கார்ந்தார். தெளிந்த தண்ணீரில் முஷ்ட் மீன்கள் இரையை உரசிக்கொண்டு போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு கெளுத்தி கவ்வியது. ரஃபூல் அதன் மண்டையில் தடியால் அடித்தார். அது செத்த பிறகும் அடித்தார். எஃபெண்டி 'தவறான மீன், அப்புறப்படுத்தப்பட்டது' என்று எழுதினார்.

மேஜர் மனம் தளரவில்லை. மீன்கள் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுக்கின்றன என்று அறிக்கை எழுதினார். மாவட்ட அதிகாரி ஒருவரும் சங்கத்தில் உறுப்பினர். மறுவாரம் ஓர் உத்தரவு வந்தது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு முஷ்ட்டின் வாயையும் விற்பதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும். ரஃபூலின் ஆட்கள் இரும்புக் கொக்கியோடு சந்தைக்கு வந்தார்கள். மீனின் தாடையைக் கொக்கியால் நெம்பிக் கிழித்துப் பார்த்துத் தூக்கி எறிந்தார்கள். வாய் கிழிந்த மீனை யாரும் வாங்கவில்லை. கூடை கூடையாக நாறியது.

மூன்றாம் நாள் அத்வான் என்ற மீனவன் தன் கூடை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றான். கல் பறந்தது. தடி சுழன்றது. ஒருவனுக்கு மண்டை பிளந்தது. சங்கத்து ஆள் ஒருவனின் உள்ளங்கையில் அவன் கொக்கியே ஏறிவிட்டது. கூச்சல் ஓய்ந்தபோது அத்வானின் தாடை இரண்டாகத் தொங்கியது. வாயைத் திறந்து பார்க்கும் உத்தரவு மீன்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று சங்கம் மறுநாள் விளக்கம் ஒட்டியது.

எந்த மீனின் வாயிலும் இன்னொரு காசு கிடைக்கவில்லை. ஆகவே சங்கம் மறுபடியும் ஃபயாத்திடம் வந்தது.

இந்த முறை மாடியில் மேசை மேல் வெல்வெட் விரித்துக் காசை நடுவில் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் கையுறை போட்டிருந்தார்கள். காசைத் தொடுவதற்காக. ரஃபூல் மட்டும் வெறுங்கையோடு நின்றார். அவர் காசைத் தொடப்போவதில்லை. இரண்டாவது அடியிலேயே ஃபயாத்தின் மூக்கு உடைந்தது. எஃபெண்டி பதறி எழுந்தார்.

"ரஃபூல், கொஞ்சம் தள்ளி வச்சு அடிப்பா. ரத்தத்துல உப்பு இருக்கு. வெள்ளி மேல பட்டா காசு போச்சு."

ஃபயாத்தை ஜன்னல் பக்கமாக நகர்த்தினார்கள். எஃபெண்டி மனிதாபிமானம் உள்ளவர். அவன் காதருகே குனிந்து, "சொல்லித் தொலையேன்டா. ஒரு வார்த்தைதானே? நான் ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்றேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார்.

"உங்களுக்கு முறை இல்ல எஃபெண்டி," என்றான் ஃபயாத்.

ஒரு கட்டத்தில் ரஃபூலுக்கே மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"துருக்கிக்காரன் காலத்துல நான் அடிச்சா அடி வாங்குறவனுக்குக் காரணம் தெரியும். வரி. கட்டினா விட்டுருவேன். இவங்க என்ன கேக்குறாங்கன்னு எனக்கே விளங்கல தம்பி. ஆனா ஒண்ணு, சம்பளம் நாள் தவறாம வருது."

பிறகு எழுந்து ஃபயாத்தின் படகிலிருந்து கொண்டுவந்திருந்த துடுப்பை எடுத்தார். அவனுடைய வலது கையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம் மாதிரி நீட்டிக் கட்டினார்கள். மேஜர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வன்முறையைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. துடுப்பு இறங்கியது. காய்ந்த ஆலிவ் கொம்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். முழங்கைக்கு மேலே கை வேறு திசையில் திரும்பியது.

"தூண்டில்," என்றான் ஃபயாத்.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எத்தனையாவது மீன் என்று மேஜர் கேட்டார். மூன்றாவது என்று ஃபயாத் சொன்னான். துடுப்பு மறுபடியும் இறங்கியது, அதே இடத்தில். ரெண்டாவது என்று கத்தினான். மறுபடியும் இறங்கியது. முதல் என்றான். நின்றது. மீனின் வாயை யார் திறந்தது என்று கேட்டார்கள். அவனுக்கு அந்த வசனத்தில் மீதி தெரியாது. அவன் தொழுகிறவன், அவர்களுடைய வேதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்களே சொல்லுங்கள், அப்படியே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினான். மேஜருக்குக் கோபம் வந்தது.

"சாட்சிக்கு நாமே சொல்லிக்கொடுத்தல் பெருங்குற்றம். இச்சங்கம் நேர்மை பிறழாது."

ஆகவே ஃபயாத் ஊகிக்க வேண்டியிருந்தது. மீன் தானே திறந்தது என்றான், தவறு. ஸுப்ஹி திறந்தான் என்றான், அதுவும் தவறு. நான் திறந்தேன் என்று அவன் வந்து சேர்வதற்குள் கையில் உடைக்க அதிகம் மிச்சமில்லை. குறிப்பில் 'சாட்சி எவர் தூண்டுதலுமின்றித் தாமாகவே விவரித்தார்' என்று எழுதி, அவனுடைய இடது கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தார்கள். வலது பயன்படவில்லை.

காசைக் குழியில் வைத்த அன்று ஓட்டலில் விருந்து. கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு ஃபயாத்தும் கடைசி வரிசையில் நின்றான். நிற்கவைத்திருந்தார்கள். மேஜர் பேசினார்.

"உண்மை எந்நாளும் மறைந்திராது. சற்றுப் பொறுமையும், திறமை வாய்ந்த ஒருவரும், ஒரு துடுப்பும் இருப்பின் அது தானாகவே வெளிப்படும். காசின் விலையைக் குறித்துச் சிலர் வினவினர். அவ்வசனத்தின்படிக் காசு முழுவதும் வரிக்கே சென்றது. மீனவனுக்கு ஒன்றும் கிட்டவில்லை. வேதத்தைத் திருத்த யாம் யார்?"

கைதட்டினார்கள். ஃபயாத்துக்குப் புதிய தூண்டில் ஒன்றைப் பட்டு நூலில் கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அவன் வாக்குமூலம் ஓட்டல் வாசலில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது. காப்பிக்கடையில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே யாரும் அடிக்கவில்லை. அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

"முஷ்ட்டைத் தூண்டில்ல பிடிச்சேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"பிடிச்சியா?"

"இல்ல. கையைப் பாருங்க."

"கையைப் பாத்தோம். பாவம்தான். ஆனா சொன்னது பொய்தானே?"

"பொய்தான்."

முறையை ஸுப்ஹிக்கு மாற்றுவது என்று முடிவானது. தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த அத்வான்கூட, பேச முடியாமல், சம்மதம் என்று கையைத் தூக்கினான். ஸுப்ஹி அவன் முகத்தைப் பார்க்காமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். போகும்போது, "நான் வேண்டாம்னா வேற எவனோ எடுத்துக்குவான் மச்சான்," என்றான். அது உண்மைதான்.

எலும்பு கட்டுகிறவர் தன்னால் ஆனதைச் செய்தார். கை கோணலாகக் கூடியது. தோளுக்கு மேலே ஏறவில்லை. ஃபயாத் ஓட்டல் படித்துறையில் உட்கார்ந்து, பட்டு நூலை அவிழ்த்துவிட்டு, அந்தத் தூண்டிலையே போட்டான். கெளுத்தி வந்தது. அதை நஜ்மே ஏழைத் தெருக்களில் அரை விலைக்கு விற்றாள்.

கோடை பிறந்ததும் எருசலேமிலிருந்த தலைமைச் சங்கத்திலிருந்து டாக்டர் ஃபென்னிங் என்ற ஆய்வாளர் வந்தார். ஒல்லியானவர், சந்தேகப் பேர்வழி. வாக்குமூலத்தில் கண்ட மீனவன் ஏரியிலேயே சிறந்த வலைக்காரன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மேஜர் இல்லாத சமயம் பார்த்துப் படித்துறைக்கு வந்தார். காசு வலையில் கிடைத்தது என்று நிரூபணமானால் அதைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார். இந்தச் சங்கத்தைக் கலைப்பேன், ரஃபூலை உள்ளே தள்ளுவேன், காப்பிக்கடைக்கு நானே வந்து நீ பொய்யன் இல்லை என்று சொல்வேன் என்றார்.

"அப்ப எனக்கு முறை திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டான் ஃபயாத்.

ஆய்வாளருக்கு முறை என்றால் என்னவென்று தெரியாது. கிடைக்கும் என்று சொல்லி வைத்தார்.

ஃபயாத் கையைக் காட்டினான். எந்த நாளில், எந்த அறையில், எந்தத் துடுப்பால் உடைத்தார்கள் என்று சொன்னான். டாக்டர் ஃபென்னிங் பொறுமையாகக் கேட்டார்.

"வருத்தமாக இருக்கிறது. ஆனால் நான் ஆராய்வது ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பொருள்களை. உன் கை உடைந்தது இந்தக் குளிர்காலத்தில். அது என் துறைக்குள் வராது. எனக்குத் தேவை ஒன்றுதான், நீ வலைக்காரனா இல்லையா?"

சோதனை தாப்காவிலேயே நடந்தது. மேஜரும் உறுப்பினர்களும் குடைகளோடு வந்தார்கள். மீனவர்கள் எல்லோரும் வந்து கரையில் குந்தினார்கள். ரஃபூல் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஸுப்ஹி வலையைக் கொண்டுவந்து ஃபயாத்தின் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரும் உனக்காகத்தான் வந்திருக்கிறார்கள், நிதானமாக வீசு என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

ஃபயாத் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். பிடிகயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டினான். வலையில் பாதியை மடித்து எடுத்தான். விளிம்பைப் பல்லில் கடித்தான். ஈயக்குண்டுகளைத் தோள் மேல் ஏற்ற வேண்டும், ஏற்றிக்கொண்டு இடுப்பைச் சுழற்றிக் கையை விரிக்க வேண்டும், அப்போதுதான் வலை வட்டமாகப் பறந்து விழும். ஆயிரக்கணக்கான தடவை செய்தது. உடம்பு சுழன்றது. வலது கை மார்பளவிலேயே நின்றுவிட்டது. வலை நனைந்த சேலை மாதிரி அவன் முன்னாலேயே பொத்தென்று விழுந்தது.

இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். இடது கையால் வீசிப் பார்த்தான். குண்டுகள் அவன் காதில் அடித்துத் தோல் கிழிந்தது. கடைசியாக ஒரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, கோணல் கையை அதன் எல்லைக்கு மேலே உந்தினான். உள்ளே ஏதோ பிய்ந்தது கரைக்கே கேட்டது. வலை அவன் தலை மேல் கவிழ்ந்தது. கால் தடுக்கி, வலைக்குள்ளேயே தண்ணீரில் மூழ்கினான். ஸுப்ஹிதான் பாய்ந்து இழுத்துப் போட்டான்.

டாக்டர் ஃபென்னிங் நேர்மையான மனிதர். மேஜரிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் சான்றைச் சந்தேகப்பட்டது என் தவறு. இந்த மனிதன் தன் வாழ்நாளில் வலையைத் தொட்டதே இல்லை. இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க முடியாது."

மேஜர் பெருந்தன்மையோடு அவர் கையைக் குலுக்கினார். முறைப்படி சாட்சியை ஒரு முறை கேட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று எஃபெண்டி பேனாவைத் திறந்தார். ஃபயாத் வலையைக் காலிலிருந்து விலக்கிக்கொண்டு, காதில் ரத்தம் ஒழுக, கரையில் உட்கார்ந்திருந்தான். மீனவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். ரஃபூல் எழுந்திருக்கவில்லை. அவர் வாயில் ஆரஞ்சுச் சுளை இருந்தது.

"தூண்டில்தான் கவாஜா," என்றான் ஃபயாத். "முதல் மீன். வாயை நான்தான் திறந்தேன்."

எல்லாம் சரியான வரிசையில் வந்தன. அன்றைக்கு அவனை யாரும் அடித்திருக்கவில்லை.